ரோயிங் மெஷினா, ஏற்காடு ஏரியா?

துடுப்புப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பயணம்: ஸ்பெயினின் கானரித் தீவுகளில் உள்ள லா கொமேராவிலிருந்து கரீபியன் தீவான ஆன்டிகுவா வரை சுமார் 4,800 கிலோமீட்டர். வெளி உதவி கிடையாது, சாப்பாடு மொத்தமும் படகிலேயே, குடிநீர் கடல்நீரை உப்பு நீக்கித்தான். சேலத்தில் இருந்துகொண்டு இதற்குத் தயாராக, என் ஓட்டு துடுப்புப் போடுவது போல இழுத்துப் பழகும் ரோயிங் மெஷினுக்கே. 2 மணி நேரம் துடுப்பு, 2 மணி நேரம் ஓய்வு என்ற முறையை நள்ளிரவிலும் பழகலாம். கடல் படகில் போலவே இருக்கை முன்னும் பின்னும் நகரும். பாதி வேலை காலுக்குத்தான். சித்திரையில் ஏசி போடாமல் இழுத்தால் பிடி வழுக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும். வரட்டும், அங்கேயும் அதே கதைதான்.

ஏற்காடு ஏரியில் வாடகைப் படகின் இருக்கைப் பலகை அசையாது, சாயங்காலம் மூடிவிடுவார்கள். ஆனால் பக்கவாட்டுக் காற்றில் ஒரு துடுப்பு மட்டும் தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுமே, அதை மெஷின் சொல்லித்தராது. மாதம் ஒருமுறையாவது மலையேறுங்கள்.