கிரானைட் அறுக்கும் இடத்தில் என்95: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கிரானைட், டைல்ஸ், கிச்சன் மேடைக்கான குவார்ட்ஸ் சிலாப் ஆகியவற்றை அறுத்து பாலிஷ் போடும் வேலையில், ஒரு ஷிஃப்ட் போட்டுவிட்டு எறியும் என்95 போன்ற சுவாசக் கவசங்களைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஒன்று புரிந்துவிடும். நல்ல கம்பெனி கவசங்களில் ஃபில்டர் கைவிடுவது அபூர்வம். தூசி உள்ளே போவதெல்லாம் விளிம்பு வழியாகத்தான்.

கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பொடி சீக்கிரம் கீழே படிந்துவிடும். நுரையீரலின் ஆழம்வரை போவது 4, 5 மைக்ரானுக்குக் குறைவான துகள். அது கண்ணுக்குத் தெரியாது. மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். கிரானைட்டில் கிட்டத்தட்ட கால் முதல் மூன்றில் ஒரு பங்குவரை குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா இருக்கும். செயற்கை குவார்ட்ஸ் சிலாப் பலவற்றில் 90 சதவீதத்தையும் தாண்டும். அதனால்தான் 2024 ஜூலை முதல் ஆஸ்திரேலியா அந்த சிலாப்பையே தடை செய்தது. சிலிக்கா தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் சிலிகோசிஸ் நோய் வந்தபின் நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது.

என்95 என்றால், பிடிக்கக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 95 சதவீதத்தை ஃபில்டர் நிறுத்துகிறது என்று பொருள். ஐரோப்பியத் தரத்தின் எஃப்எஃப்பி2 வகைக்கு அது 94. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முகத்தில் மாட்டியபின் விளிம்புக் கசிவையும் சேர்த்து எவ்வளவு உள்ளே வரலாம் என்று ஐரோப்பியத் தரம் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எஃப்எஃப்பி1 என்றால் 22 சதவீதம், எஃப்எஃப்பி2 என்றால் 8, எஃப்எஃப்பி3 என்றால் 2. கல் வேலைக்கு எஃப்எஃப்பி1 வேண்டவே வேண்டாம்.

நடைமுறையில் என்95 தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சிலிக்காவுக்கு அங்குள்ள வரம்பு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். அப்படியானால் கவசத்துக்கு வெளியே உள்ள காற்றில் 500 மைக்ரோகிராம் வரை இருந்தால்தான் இந்தக் கவசம் போதும். அறைக்குள் தண்ணீர் இல்லாமல் கட்டிங் மெஷினை ஓட்டினால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் கவசம். மெஷினில் தண்ணீர்க் குழாய் வசதி இருக்க வேண்டும். கரண்ட் லைனில், மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். சாதாரண மெஷின்மேல் ஒருவர் மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்பது ஷாக் அடிக்க வழி செய்வதுதான். தண்ணீர் விட்டாலும் உள்ளறையில் கையில் பிடிக்கும் மின்ரம்பத்தால் அறுக்கும்போது கவசம் வேண்டும் என்கிறது ஓஷா விதி. வெளியிடத்தில் 4 மணி நேரத்தைத் தாண்டினால் வேண்டும்.

வாங்கும்போது கவசத்தின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இந்தியத் தயாரிப்பு என்றால் ஐஎஸ் 9473 என்ற தர எண், எஃப்எஃப்பி2, ஐஎஸ்ஐ முத்திரை, சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். அமெரிக்க அங்கீகாரம் என்றால் அதைத் தரும் நையோஷ் அமைப்பின் பெயரும் டிசி-84ஏ என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். வெறுமனே ‘என்95’ என்று மட்டும் அச்சிட்டு, கம்பெனி பெயரோ லாட் எண்ணோ இல்லாததை விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

காதில் மாட்டுவதா, தலையைச் சுற்றுவதா? தலையைச் சுற்றும் இரட்டைப் பட்டைதான். காது வளையம் குனிந்து நிமிரும் வேலையில் தளர்ந்துவிடும். இறுக்கினால் காது வலிக்கிறது என்று தாடைக்கு இறக்கிவிடுவார்கள். 3எம் 8210 போன்ற கிண்ண வடிவம் வியர்வையில் சட்டென்று நசுங்குவதில்லை. ஒல்லியான முகத்துக்கும் பெண்கள் பலருக்கும் மடிப்பு வகை நன்றாகப் படிகிறது. எல்லாருக்கும் ஒரே மாடலை மொத்தமாக வாங்கிப் போடும் காண்ட்ராக்டர், அதில் சிலருக்குக் கசிவையும் சேர்த்தே வாங்குகிறார். இரண்டு, மூன்று மாடலாவது வைத்திருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில், விடும் மூச்சை வெளியேற்றும் வால்வு உள்ளது பெரிய ஆறுதல். உள்ளே சூடு தங்காது. ஆனால் வால்வு இதழில் கல்பொடி ஒட்டினால் சரியாக மூடாது. போடுமுன் உள்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

போடும் முறை: கவசத்தை உள்ளங்கையில் ஏந்தி, பட்டைகள் கீழே தொங்கட்டும். தாடையை முதலில் நுழையுங்கள். மேல்பட்டை காதுக்கு மேலாக உச்சந்தலையின் பின்பக்கம். கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். இரண்டையும் கழுத்திலேயே விட்டால் மூக்குப் பக்கம் திறந்துகொள்ளும். மூக்குக் கம்பியை இரண்டு கைவிரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு கையால் கிள்ளினால் கம்பி கூர்மையாக மடிந்து இரண்டு பக்கமும் இடைவெளி விழும். பிறகு இரு கைகளாலும் கவசத்தை மூடி, வால்வு இல்லாததென்றால் வேகமாக மூச்சை விடுங்கள். வால்வு உள்ளதென்றால் வேகமாக இழுங்கள், கவசம் முகத்தோடு ஒட்ட வேண்டும். கண்ணருகே காற்று பட்டாலோ, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தாலோ மூக்குக் கம்பியைத் திரும்பச் சரிசெய்யுங்கள்.

இந்தச் சோதனை தினசரிக்கு. எந்த மாடல் யாருக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய, கவசம் போட்டவர் தலைமேல் மூடும் உறையை மாட்டி, உள்ளே சாக்கரின் என்ற இனிப்புக் கரைசலைத் தெளிக்கும் சோதனை இருக்கிறது. இனிப்புத் தெரிந்தால் கசிகிறது. அதற்கு முன் 15 நிமிடம் எதுவும் சாப்பிடவோ புகைக்கவோ கூடாது.

சாயங்காலம் கவசத்தைக் கழற்றியதும் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். மூக்கின் பக்கத்திலோ கன்னத்திலோ, கவசம் மூடியிருந்த இடத்துக்குள் சாம்பல் நிறக் கோடு ஓடியிருந்தால் தூசி நுழைந்த வழி அதுதான். அதே இடத்துக்கு நேராகக் கவசத்தின் உள்விளிம்பும் அழுக்காக இருக்கும். தாடி உள்ளவர்களுக்கு இந்தக் கோடு தாடை நெடுகத் தெரியும். ஒரு நாள் முளைத்த முடியே விளிம்பைத் தூக்க ஆரம்பித்துவிடும். வியர்வைக்காக உள்ளே கர்ச்சீப் வைக்கும் பழக்கமும் இப்படித்தான். துணி இருக்கிற இடத்தில் விளிம்பு தோலைத் தொடாது.

ஃபில்டரில் உள்ள பாலிப்ராப்பிலீன் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். நுண்துகளை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். சோப்பு போட்டுத் துவைத்தாலும் சானிடைசர் தெளித்தாலும் அது போய்விடும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், மூச்சும் சுலபமாக வரும், தூசியும் சுலபமாக வரும். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது அதைவிட மோசம்: இழைகள் பிரியும், படிந்த தூசி உள்பக்கம் போகும். தூசி அதிகமான இடத்தில் என்95 போன்ற ‘என்’ வகைக் கவசத்துக்கு மொத்தம் 8 மணி நேரம் என்பது நையோஷ் சொல்லும் எல்லை. அதற்கு முன்பே மூச்சிழுக்கக் கஷ்டமானால், வியர்வையில் ஊறினால், பட்டை இழுவை தளர்ந்தால் மாற்றிவிடுங்கள். கோடையில் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு ஒதுக்குவது சரியான கணக்கு. டீ குடிக்கும்போது தாடையில் தொங்கவிட்டால் சட்டைத் தூசி உள்பக்கம் ஒட்டும். கழற்றிக் காகிதப் பையில் வையுங்கள்.

இது தூசிக்கு மட்டும்தான். கிரானைட் ஒட்டும் ரெசின், தின்னர், ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு எதையும் இது நிறுத்தாது. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ பழைய கிணற்றுக்குள்ளோ இதை நம்பி இறங்கினால் உயிர் போகும்.

அறுத்து முடித்ததும் கவசத்தைக் கழற்றித் தொங்கவிட்டு, விளக்குமாற்றால் காய்ந்த தரையைக் கூட்டுவதைப் பல சைட்டுகளில் பார்க்கலாம். நாளெல்லாம் படிந்த நுண்தூசி அப்போதுதான் மொத்தமாக எழும்புகிறது. தரையை நனைத்து வழித்தெடுங்கள், சட்டையை உதறாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கவசம் இவையெல்லாம் முடியும்வரை முகத்தில் இருக்கட்டும். அறையைவிட்டு வெளியே வந்தபின், முன்பக்கத்தைத் தொடாமல் கீழ்ப்பட்டையை முதலில், மேல்பட்டையைப் பிறகு எடுங்கள்.