ரெபெக்காவா, கோஹ்ராவா?

1940இல் ஹிட்ச்காக் எடுத்த 'ரெபெக்கா'வின் நாயகிக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் மாளிகை முழுவதும் ஒலிக்கிறது. அதே கதையை 1964இல் பீரேன் நாக் இந்தியில் எடுத்த 'கோஹ்ரா'வில் நாயகி வஹீதா ரஹ்மானுக்கு ராஜேஸ்வரி என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பாதி நடுக்கம் அங்கேயே போய்விடுகிறது.

மாளிகையை ஆளும் பணிப்பெண் விஷயத்தில்தான் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 'ரெபெக்கா'வில் ஜூடித் ஆண்டர்சன் நடந்து வருவதை அதிகம் பார்க்க முடியாது, திரும்பினால் நிற்கிறார். 'கோஹ்ரா'வின் லலிதா பவாருக்கோ முன்பு படப்பிடிப்பு ஒன்றில் வாங்கிய அறையால் பழுதான அந்த இடது கண்ணே போதும்.

பாட்டு? ஆங்கிலப் படத்துக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் ஹேமந்த் குமார் இசையில் 'ஜூம் ஜூம் டல்தி ராத்' என்று லதா இழுக்கும்போது முதுகு சில்லிடுகிறது. நள்ளிரவில் தனியாகப் பார்ப்பதென்றால் எனக்கு இந்திதான்.