ஜெய்ப்பூர் செயற்கைக் கால்: 11 வருடம் போட்டு நடந்தபின்

லாரியின் பின்சக்கரம் ஏறியதில் இடது கால் போனது. அரிவாளில் பட்டதுபோல் சுத்தமாகத் துண்டானால் ஒட்டவைக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. என்னுடையது நசுங்கல், அதற்கு வழியில்லை. (அப்படித் துண்டான பாகத்தை நேரே ஐஸில் போடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும்.) மருத்துவர் முழங்காலைக் காப்பாற்றி, அதற்குக் கீழே 6 அங்குலம் விட்டுவைத்தார். அன்று அதன் அருமை தெரியவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்தவர்கள் ஒவ்வொரு அடிக்கும் என்ன பாடு படுகிறார்கள் என்று பிற்பாடு செயற்கைக் கால் முகாம்களில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மிச்சமிருக்கும் காலை எல்லோரும் ஸ்டம்ப் என்றுதான் சொல்வார்கள். தையல் ஆறியதும் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றி அதன் வீக்கத்தை வடிக்க வேண்டும். வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டேன். மடக்கியே கிடந்ததால் மூட்டு இறுகிவிட்டது, நிமிர்த்த ஒரு மாதம் பிசியோதெரபி. அந்தத் தலையணையை யாராவது பிடுங்கி எறிந்திருக்கலாம்.

இல்லாத கட்டைவிரல் ராத்திரியில் எரியும். மாத்திரை பாதி குறைத்தது. பிசியோதெரபிஸ்ட் இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, போன கால் இருந்த இடத்தில் தெரியும் நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கச் சொன்னார். இதை முதலில் செய்து காட்டியவர் நம் நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன்தான். எனக்குக் கொஞ்சம் கேட்டது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் கிடைத்தது கணுக்கால் அசையாத கட்டைப்பாதம். தரையில் சம்மணமிட முடியாது, குந்தி உட்கார முடியாது. விவசாயிக்கு அதை வைத்து என்ன செய்வது? அப்புறம் ஒரு முகாமில் ஜெய்ப்பூர் கால் போட்டேன். 1968 வாக்கில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. பாதத்தின் வெளிப்பக்கம் முழுக்க ரப்பர், டயர் கடையில்போல அச்சில் வேகவைத்தது. எந்தப் பக்கமும் வளைந்துகொடுக்கும். வரப்பில் வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், கழுவித் துடைத்தால் முடிந்தது. மேலே உள்ள குழல் தண்ணீர்க் குழாய் செய்கிற ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக். அதைச் சூடாக்கி, நம் ஸ்டம்பின் அளவுக்கு மாவுக்கட்டு மாவில் எடுத்த அச்சின்மேல் இழுத்துப் பொருத்துகிறார்கள்.

பாதத்தைப் பற்றிக் குறையில்லை, கொஞ்சம் கனம் என்பதைத் தவிர. தலைவலியெல்லாம் ஸ்டம்ப் நுழைகிற கிண்ணமான சாக்கெட்டில்தான். ஸ்டம்ப் வருடாவருடம் இளைக்கும். காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. முதல் சாக்கெட்டை முகாமில் ஒரே நாளில் அவசரமாகச் செய்து கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் உள்ளே கால் ஆட ஆரம்பித்தது. சாக்ஸ் மேல் சாக்ஸாக மூன்று போட்டுச் சமாளித்தேன். எலும்பு முனை அடியில் இடித்துப் புண்ணாகி, 3 வாரம் கட்டைக்கோலில் நடந்தேன். நாற்று நடுகிற சமயம். என்னைவிட என் மனைவிக்குத்தான் கஷ்டம்.

அடுத்த சாக்கெட்டுக்கு வேறு டெக்னீஷியனிடம் போனேன். இரண்டு முறை போட்டு நடக்கவைத்து, சிவந்த இடங்களைப் பார்த்துச் சூடுகாட்டித் தட்டி விரித்துக் கொடுத்தார். அது 5 வருடம் உழைத்தது. ஆகவே எந்த பிராண்டு கால் என்று கேட்கிறவர்களிடம், சாக்கெட் யார் போடுகிறார், திரும்பிப் போனால் சரிசெய்து தருவாரா என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.

சித்திரை வெயிலில் சாக்ஸ் வியர்வையில் ஊறி, நடந்தால் சளக் சளக்கென்று சத்தம் வரும். மாற்று சாக்ஸ் இரண்டு பையிலேயே இருக்கும். ராத்திரி கழற்றியதும் கைக்கண்ணாடியில் ஸ்டம்பின் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். சிவப்பு இருந்தால் மறுநாள் கட்டைக்கோல்தான். ரப்பர் செருப்பு நிற்காது, பின்பட்டி வைத்த செருப்பு வேண்டும்.

ஸ்டம்பில் மாட்டும் சிலிகான் உறையோடு, பாகம் பாகமாகக் கோக்கும் மாடுலர் காலை மைத்துனர் வற்புறுத்தலில் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். பஞ்சு மாதிரி சுகம், மறுக்கவில்லை. ஆனால் அந்த உறை கிழிந்தால் விலை கட்டுப்படியாகாது, சேற்றுக்கும் ஆகாது. ஊரில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் தாராளமாக அதற்குப் போகலாம்.

இப்போது போட்டிருப்பது நாலாவது பாதம். போன வாரம் கட்டைவிரல் ஓரத்தில் வெடிப்பு விட்டது. சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவி வைத்திருக்கிறேன், அறுப்பு முடியும்வரை தாங்கும்.