செகிரோவும் கேண்டி க்ரஷும் ஒரே வீட்டில்: சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ஹார்ட்கோர் கேமர், அதாவது வெறியாகக் கேம் ஆடுபவன், என்று பெயர் வாங்கியவன் நான். அக்காவுக்குக் கிடைத்த பட்டம் கேஷுவல், அதாவது சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுபவள். என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்4 கேம் கன்சோல், அக்காவிடம் போனில் கேண்டி க்ரஷ், அவ்வளவுதான் காரணம். பல வருடம் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். கேம் எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் இந்தப் பட்டங்களுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும், தோற்றால் என்ன போகும், இந்த இரண்டும்தான் ஆளைப் பிரிக்கிறது.

முதலில் செகிரோ. 2019இல் வந்த வாள்சண்டை கேம். கஷ்டத்தைக் குறைக்க ஈஸி, நார்மல் என்று எதுவும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே அடி. அசினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்று ஒரு பெரிய எதிரி வருவான். அவன் மின்னலைக் கையில் எடுத்தால் ஓடக்கூடாது. எம்பிக் குதித்து, காற்றிலேயே மின்னலை வாங்கி, கால் தரையில் படுவதற்குள் வாளை வீசினால் அது அவனுக்கே திரும்பிப் போகும். இது பிடிபடும்வரை எரிச்சலோ எரிச்சல். பிடிபட்டபிறகு, மின்னலை எப்போது எடுப்பான் என்று நாமே காத்திருப்போம்.

பிரச்சினை வேறு இடத்தில். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்தால் மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்கு ராத்திரி பகல் தெரியாது. சீசன் முடிந்து கன்ட்ரோலரைத் தொட்டால் விரல் எல்லாம் மறந்திருக்கும். முன்பு தூக்கத்தில்கூட அடித்த சாதாரண காவலாளியே என்னைச் சாய்த்துவிடுவான். அதோடு, மறுபடி எழும் வாய்ப்பும் தீர்ந்து முழுசாகச் செத்தால் கையில் இருக்கும் காசிலும் சேர்த்துவைத்த அனுபவப் புள்ளிகளிலும் பாதி போய்விடும். வேலை முடிந்து கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்கு இது சரிப்படாது. கேம் மாறவே இல்லை, என் நேரம்தான் மாறியது. அதே ஆள், ஏப்ரலில் ஹார்ட்கோர், ஆகஸ்டில் கேஷுவல்!

அப்படிப்பட்ட நாட்களில் கைகொடுத்தது செலெஸ்ட், 2018இல் வந்த, தாவித் தாவி மலை ஏறும் கேம். கஷ்டத்தில் செகிரோவுக்குச் சளைத்ததில்லை. ஆனால் செத்த மறுநொடியே அதே திரையில் நிற்போம், எதுவும் போகாது. ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக ஐம்பதுவரை குறைக்கலாம். வேண்டுமென்றால் சாவே இல்லாமலும் ஆடலாம். நான் கை பழகும்வரை எண்பதில் வைத்து ஆடிவிட்டு நூறுக்கு ஏற்றினேன். அறை அறையாகச் சண்டை போட்டுப் போகும் ஹேடீஸ் என்ற கேமின் காட் மோடும் நல்ல யோசனை: நமக்கு விழும் அடியில் இருபது சதவீதம் குறைத்துத் தொடங்கி, ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் இரண்டு சதவீதம் குறைக்கும், எண்பதில் நின்றுவிடும். நடுவில் கரன்ட் போனாலும் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து ஆடலாம். நம்ம ஊருக்கு இது பெரிய விஷயம்.

எல்லாரும் இவ்வளவு தாராளம் இல்லை. கப்ஹெட் என்ற கேமில் சிம்பிள் என்ற எளிய நிலையில் மட்டும் ஆடினால் கடைசிப் பெரிய எதிரியைப் பார்க்கவே முடியாது. 1992இல் வந்த துப்பாக்கிச் சண்டை கேமான வுல்ஃபென்ஸ்டைன் 3டியில் ஈஸியைத் தேர்ந்தெடுத்தால் ஹீரோவுக்குக் குழந்தைத் தொப்பி மாட்டி, வாயில் சூப்பானும் வைத்துக் காட்டுவார்கள். இந்த நக்கலுக்கு அவ்வளவு வயசு.

சரி, அக்கா பக்கம். தினமும் ஓசூருக்கு கம்பெனி பஸ். கேண்டி க்ரஷில் ஐந்து உயிர், ஒன்று திரும்பி வர முப்பது நிமிடம். சூளகிரி தாண்டுவதற்குள் ஐந்தும் காலியாகும் நாட்கள் உண்டு. கலர் பாம், கோடு போட்ட மிட்டாய் என்ற இரண்டு ஸ்பெஷல் மிட்டாய்களையும் பக்கத்தில் கொண்டுவர நாலு மூவ் முன்னாடியே கணக்குப் போடுவாள். “டேய், நீ செத்தா உடனே எந்திரிச்சிடற. நான் அரை மணி நேரம் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். யாருடா கஷ்டமான கேம் ஆடறது?” என்று ஒருநாள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: மேலிருந்து எந்த மிட்டாய் விழும் என்பதில் பாதி அதிர்ஷ்டம். செகிரோவில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரியும். அந்த விதத்தில் என் ஓட்டு செகிரோவுக்குத்தான்.

நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்பவர்கள் ஹேடீஸில் தொடங்குங்கள். அக்காவும் இப்போது காட் மோடில் அதைத்தான் ஆடுகிறாள். செகிரோ வேண்டாமாம், ரத்தம் அதிகமாம்.