கிளஸ்டர்டு இண்டெக்ஸை எந்த நெடுவரிசைக்குக் கொடுப்பது?

தரவுத்தள அட்டவணையில் பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அமைப்புதான் இண்டெக்ஸ். ஓர் அட்டவணைக்கு ஒரு கிளஸ்டர்டு இண்டெக்ஸ்தான் இருக்க முடியும். காரணம் எளிது: அதன் கடைசி அடுக்கில் இருப்பது பதிவுகளேதான், அவை கீ (இண்டெக்ஸுக்குத் தேர்ந்தெடுத்த நெடுவரிசை) வரிசைப்படி அமைகின்றன. நான்-கிளஸ்டர்டு இண்டெக்ஸ் பதிவுகளிலிருந்து பிரிந்த தனி அமைப்பு. மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் 999 வரை வைத்துக்கொள்ளலாம். அதில் கீயும், முழுப் பதிவு இருக்கும் இடத்துக்கான குறிப்பும் மட்டுமே இருக்கும்.

அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பதிவைத் தேடிப் போவதில்தான் செலவு. ஆர்டர் அட்டவணையில் ஒரு வாடிக்கையாளரின் பத்து ஆர்டர்களை எடுக்க நான்-கிளஸ்டர்டு தாராளமாகப் போதும். பத்து தேடல்கள் ஒரு பொருட்டே அல்ல. சென்ற மாதத்து ஆர்டர்கள் 50,000 வேண்டுமென்றால் கதை வேறு. 50,000 முறை தேடுவதைவிட அட்டவணை முழுவதையும் படிப்பதே மேல் என்று, வினவலை இயக்கும் வழியைத் தீர்மானிக்கும் ஆப்டிமைசர் பெரும்பாலும் இண்டெக்ஸை ஒதுக்கிவிடும். தேதி கிளஸ்டர்டு கீயாக இருந்தால் அந்த மாதத்துப் பக்கங்களை மட்டும் வரிசையாகப் படித்து முடித்துவிடலாம். வினவல் கேட்பது இரண்டு மூன்று நெடுவரிசைகளைத்தான் என்றால், 2005 பதிப்பில் வந்த இன்க்ளூட் வசதியால் அவற்றை நான்-கிளஸ்டர்டிலேயே சேர்த்துத் தேடலை அடியோடு தவிர்க்கலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது கிளஸ்டர்டு கீயின் அகலம். பதிவுக்கான குறிப்பாக அந்தக் கீயே ஒவ்வொரு நான்-கிளஸ்டர்டு இண்டெக்ஸிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. 4 பைட் முழு எண்ணுக்குப் பதில் 16 பைட் ஜியூஐடி (எங்கும் திரும்ப வராதபடி உருவாக்கும் அடையாள எண்) வைத்தால், ஒரு கோடிப் பதிவுகளுக்கு இண்டெக்ஸ் ஒன்றுக்குச் சுமார் 120 எம்பி கூடுதல். ஐந்து இண்டெக்ஸ் என்றால் 600. போதாததற்கு, ஜியூஐடி வரிசையில்லாமல் பிறப்பதால் நிரம்பிய 8 கேபி பக்கங்கள் நடுவில் பிளந்துகொண்டே இருக்கும். பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் கீ) தானாகவே கிளஸ்டர்டு ஆகிவிடும் என்பதால் யோசிக்காமல் விடுவது என் பார்வையில் பெரிய தவறு. ஏறுமுகமான எண் என்றால் சரி. ஜியூஐடி என்றால் பிரைமரி கீயை நான்-கிளஸ்டர்டாக அறிவித்துவிடுங்கள். தேதி வாரியாக அறிக்கை எடுக்கும் அட்டவணையில் தேதியையும் ஆர்டர் எண்ணையும் சேர்த்துக் கிளஸ்டர்டு ஆக்குங்கள்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு எந்திரமான இன்னோடிபியில் இந்தச் சுதந்திரம் இல்லை. பிரைமரி கீதான் கிளஸ்டர்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இதற்கு நேர்மாறு: கிளஸ்டர் கட்டளை ஒருமுறை அடுக்கித் தரும், அடுத்து வரும் பதிவுகளுக்கு அந்த வரிசை பொருந்தாது.

எஸ்க்யூஎல் சர்வரில் கிளஸ்டர்டு கீயைப் பின்னால் மாற்றினால் நான்-கிளஸ்டர்டு எல்லாமே மறுபடி கட்டப்படும். பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கினால் அந்த வேலை இருமுறை நடக்கும். உருவாக்கும் கட்டளையில் டிராப்_எக்சிஸ்டிங் விருப்பத்தைக் கொடுத்தால் ஒரே முறையில் முடியும்.