கெல்லி வணிகப் பள்ளி: கூட்டம் பெரிது, குழு சிறிது

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், தலைநகர் இண்டியானாபொலிசிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தெற்கே உள்ள புளூமிங்டனில், அரசுப் பல்கலைக்கழகமான இந்தியானா பல்கலைக்கழகத்தின் அங்கமாக 1920 முதல் இயங்கிவருகிறது கெல்லி வணிகப் பள்ளி. இளநிலையில் ஆயிரக்கணக்கானோர் பயிலும் இடத்தில் ஆசிரியருக்கு மாணவரின் முகமாவது நினைவில் நிற்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. முதலிரண்டு ஆண்டுகளைப் பொறுத்தவரை அந்த ஐயம் நியாயமானதே. அடிப்படைப் பாடங்களில் பெரிய வகுப்புகள் உண்டு. தானே முன்வந்து கேட்காத மாணவர் கூட்டத்தில் கரைந்துபோக வாய்ப்பிருக்கிறது.

நிலைமையை மாற்றுவது 'ஐ-கோர்' என்ற ஒரே பருவம்தான். நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி மேலாண்மை ஆகியவற்றைத் தனித்தனிப் பருவங்களில் படித்து, தேர்வெழுதி, மறந்துவிடும் வசதி இங்கே கிடையாது. அவற்றைத் தலைமைப் பண்பு குறித்த பாடத்துடன் சேர்த்து ஒரே பருவத்தில் எடுத்தாக வேண்டும். பருவ இறுதியில் சிறு குழுவாக அமர்ந்து, ஒரு நிறுவனத்தின் புதிய முயற்சி தேறுமா என்பதைக் கணக்கோடு எழுதிக் கொடுக்க வேண்டும். விற்பனை மதிப்பீட்டை ஒருவர் சற்றே உயர்த்தினால் உற்பத்தித் திறன் போதாமல் போகும். அதைக் கூட்டினால் முதலீடு பெருகி, இன்னொருவர் எக்செல்லில் போட்டு வைத்த நிகர நிகழ்கால மதிப்பு (வருங்கால வரவின் இன்றைய மதிப்பில் முதலீட்டைக் கழித்தது) எதிர்மறையாகிவிடும். துறைகள் ஒன்றையொன்று இழுக்கும் இந்த உண்மையைத் தூக்கம் கெட்டு உணர்வது விரிவுரை கேட்டு உணர்வதைவிட மேலானது என்பதே என் கணிப்பு. பள்ளியின் சிறப்பு எதுவென்று கேட்டால், தரவரிசையை விடுத்து இதைத்தான் சொல்வேன்.

கட்டடத்துக்கும் குறைவில்லை. 2014இல் திறக்கப்பட்ட ஹாட்ஜ் ஹாலின் விரிவாக்கம் அம்மாநிலத்துக்கே உரிய வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லால் முகப்பிடப்பட்டது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் போர்த்தியிருப்பதும் இந்தியானாவின் கல்தான்.

கட்டணத்தில்தான் கவனம் வேண்டும். உள்மாநில மாணவர் செலுத்துவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இளநிலை வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களிடம் பெறப்படுகிறது. மாநில மக்களின் வரிப்பணம் சேரும் நிறுவனம் என்பதால் அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் 'அரசுப் பல்கலைக்கழகம்' என்ற சொல்லைக் கேட்டு மலிவு என்று எண்ணி விண்ணப்பிக்கும் நம்மூர்ப் பெற்றோர் முதலில் வெளிநாட்டு மாணவருக்கான பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். சேர்க்கை கிடைப்பவர்கள், பல்கலைக்கழகத்தில் சேர்வதும் கெல்லியில் நேரடியாகச் சேர்வதும் வேறுவேறு என்பதால், தமக்குக் கிடைத்தது எது என்பதை அனுமதிக் கடிதத்தில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

வேலையை விட முடியாதவர்களுக்கு, 1999இல் தொடங்கிய 'கெல்லி டைரக்ட்' இணையவழி எம்.பி.ஏ. இருக்கிறது, இணையவழிப் பட்டத்தைப் பலர் ஐயத்தோடு பார்த்த காலத்திலேயே தொடங்கியது அது.