கெராம்பிட், குக்ரி, பிச்சுவா: சிலம்பம் பழகும் பிள்ளைக்கு எந்த வளைகத்தி?

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் சிலம்பம் பழகும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி வலுத்து வருகிறது. கம்பு வீசக் கற்றாயிற்று. அடுத்து வளைந்த கத்தி ஒன்று சொந்தமாக வேண்டும், எதை வாங்கலாம்? கணினி விளையாட்டில் கெராம்பிட்டைப் பார்த்தவன் அதைக் கேட்கிறான். காவலாளி வேலைக்கு வந்திருக்கும் நேப்பாள நண்பரோடு பழகியவன் குக்ரி கேட்கிறான். தாத்தா வாயால் பிச்சுவா என்ற பெயரைக் கேட்டு அதைத் தேடுகிறவளும் இருக்கிறாள். பெற்றோருக்கு மூன்றும் ஒன்றுதான்: கத்தி. பாராங் என்னும் வெட்டுக்கத்தியால் நடக்கும் சண்டைகளின் செய்தியைப் பத்திரிகையில் படித்துப் படித்து வந்த பயம் அது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தொடாமல் இருப்பது நல்லது என்று பிரித்துச் சொல்லாமல் "கத்தியே வேண்டாம்" என்று கதவைச் சாத்தினால், பிள்ளை நமக்குத் தெரியாமல் இணையத்தில் வாங்கிவிடுவான்.

முதலில் வளைவு எதற்கு என்று பார்ப்போம். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உயரமான மரத்தில் குலை இறக்க, நீண்ட கழியின் நுனியில் சாபிட் என்னும் வளைந்த அரிவாளைப் பொருத்துகிறோம். அதன் கூர் உள்வளைவில் இருக்கிறது. மட்டையைக் கொக்கிபோல் மாட்டி, கீழ்நோக்கி இழுக்கும்போது அது அறுக்கிறது. நேர் அலகாக இருந்தால் மட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். குட்டை மரத்துக்கு அந்த வளைவு தேவையில்லை. தள்ளி வெட்டும் உளியே போதும். கெராம்பிட்டின் வளைவு இந்தச் சாபிட்டின் குடும்பம்: மாட்டி இழுப்பதற்கானது. குக்ரியின் வளைவு வேறு. அதன் அலகு நடுவில் மடங்கி, எடையை நுனிப்பக்கம் கொண்டுபோகிறது. அது ஓங்கி வெட்டுவதற்கானது. பிச்சுவாவின் அலகு இரண்டு முறை நெளிகிறது. நுனியால் குத்துவதே அதன் தொழில். மூன்று வளைவுக்கும் மூன்று கை வேலை. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் அப்படியே உதவும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கெராம்பிட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது நெகிரி செம்பிலானில். இந்தக் கத்தியின் தாயகம் மேற்குச் சுமத்ரா, மினாங்கபாவ் மக்களின் மண். அந்த மக்களின் வழிவந்தவர்கள்தான் கோலப்பிலாவிலும் ஜெம்பொலிலும் நமக்கு அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். அதாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபு வழக்கத்தையும் அங்கிருந்துதான் கொண்டுவந்தார்கள். புலியின் நகத்தைப் பார்த்துச் செய்தது என்பது அவர்கள் வழக்கில் உள்ள கதை. சீலாட் என்பது மலாய்த் தற்காப்புக் கலை; அதில் தரையோடு தரையாகப் பதுங்கி ஆடும் புலி வகையான சீலாட் ஹரிமாவில் இந்தக் கத்தியைப் பார்த்தால் அந்தக் கதை பொருத்தமாகவே தோன்றும். 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ சீலாட்டை மலேசியாவின் பெயரிலும், பென்சாக் சீலாட் மரபை இந்தோனேசியாவின் பெயரிலும் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, நம் பிள்ளை விளையாட்டுத் திரையில் பார்த்து வியக்கும் பொருளுக்கு ஆசான்கள் இருப்பது பஸ் பயணத் தொலைவில். இது பெரிய வசதி. மற்ற இரண்டு கத்திகளுக்கும் இந்த வசதி இங்கே இல்லை.

கெராம்பிட்டின் உயிர் அதன் பிடிமுனையில் உள்ள வளையம். ஆட்காட்டி விரலை வளையத்தில் நுழைத்து, மற்ற மூன்று விரல்களால் பிடியைச் சுற்றி, கட்டைவிரலை வளையத்தின் மேல் அழுத்தினால், அலகு முட்டியின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக வெளிவந்து முன்னோக்கி வளைந்து நிற்கும். உள்ளங்கை வேர்த்தாலும் கத்தி நழுவாது. விரல்களைத் திறந்து எதிராளியின் மணிக்கட்டைப் பற்றினாலும் கத்தி விரலிலேயே தொங்கும். இந்த ஒரு குணத்தால்தான் சீலாட் தாண்டி வெளிநாட்டுப் பயிற்சிக்கூடங்களிலும் அதற்கு இடம் கிடைத்தது. அதே வளையம்தான் அதன் ஆபத்தும். பழக்கத் துணைவர் கத்தியைப் பிடித்து முறுக்கினால், வளையம் விரலை நெம்பும். கத்தியை உதறிவிட்டு விலக வழியில்லை. சிலம்பத்தில் கம்பு பறிபோனால் கை வெறுமையாகும். இங்கே கத்தியோடு விரலும் மாட்டிக்கொள்ளும். அதனால் வளையம் விரலுக்கு இறுக்கமாக இருக்கவே கூடாது. உள்விளிம்பு மழமழவென்று இருக்க வேண்டும். விலை மலிந்த கத்திகளில் அச்சு வார்த்த பிசிறு அங்கேயே நிற்கும். வாங்கும்போது சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள்.

விரலில் கத்தியைச் சுழற்றும் வித்தை பற்றியும் சொல்ல வேண்டும், பிள்ளைகள் மயங்குவது அதில்தான். மரத்தில் செய்த கெராம்பிட்டின் கூர்ப்பக்கம் முழுவதும் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, கறுப்புச் சட்டை போட்ட ஒருவரைச் சுழற்றச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் நிறுத்திப் பார்த்தால் முன்கையின் உட்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு, சட்டையின் விலாப் பக்கத்தில் இன்னொன்று, சில சமயம் கழுத்துப்பட்டையிலும் ஒரு தீற்றல். எஃகாக இருந்திருந்தால் அத்தனையும் வெட்டு. இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. எவ்வளவு அடம்பிடிக்கும் பிள்ளையும் அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகு "எஃகுக் கத்திதான் வேண்டும்" என்று பேசுவதில்லை.

பழக்கக் கத்திகளையும் ஒப்பிட்டாக வேண்டும். உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது. ரப்பரில் செய்தது சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது; ஆனால் வளைந்து கொடுப்பதால் மாட்டி இழுக்கும் உணர்வு கைக்கு வராது. கெட்டி மரத்தில் செய்தது உணர்வைத் தரும். சிராய் எழும்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வளையம் மெலிதாக இருந்தால் மர இழை ஓடும் திசையில் உடையும். அலுமினியத்தில் செய்த மழுங்கல் கத்தி எல்லாவற்றிலும் உண்மைக்கு அருகே நிற்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகையால் நல்ல தயாரிப்பாளர்கள் அலகைத் தடிமனாகச் செய்து எடையை ஈடுகட்டுகிறார்கள். மெல்லிய தகடாக வருவதை வாங்காதீர்கள். அது கைக்குப் பொய்யான வேகத்தைப் பழக்கிவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: கூர் இல்லாவிட்டாலும் அலுமினிய நுனி நுனிதான். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இருவர் எதிரெதிர் நின்று பழகக் கூடாது. என் பரிந்துரை, ஓராண்டுக்குக் குறையாமல் மரம், பிறகு ஆசான் சொன்னால் அலுமினியம்.

எஃகு? இங்கே சட்டம் குறுக்கே வருகிறது, வர வேண்டியதும்தான். 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பொதுச் சாலையிலோ பொது இடத்திலோ முறையான அனுமதியோ நியாயமான நோக்கமோ இல்லாமல் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. குற்றம் உறுதியானால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் விதிக்கப்படலாம். ஐந்தாண்டு! பதினெட்டு வயதில் உள்ளே போகிறவன் இருபத்து மூன்றில் வெளியே வருவான். தோட்டத்தில் சாபிட்டைத் தோளில் போட்டு வேலைக்குப் போகிறவருக்கு நோக்கம் கண்முன்னே தெரிகிறது. மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே கெராம்பிட்டை வைத்துக்கொண்டு பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போகிற இளைஞன் சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டால், "நான் தற்காப்புக் கலை மாணவன்" என்று சொல்லித் தப்புவது கடினம். நம் பையன்களைப் போலீஸ் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பார்வை நியாயமா என்ற சண்டையை நாம் போட வேண்டும்தான்; ஆனால் அந்தச் சண்டையில் பிள்ளையின் சட்டைப் பையில் கத்தி இருக்கக் கூடாது.

"அப்படியானால் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, மாஸ்டர்?" என்று ஒரு தாயார் கேட்டார். "வைத்துக்கொள்ளலாம், அம்மா. ஆனால் சாவி உங்களிடம் இருக்கட்டும், அவனிடம் வேண்டாம்" என்றேன். இன்றைக்கும் அதுவே என் பதில். எஃகுக் கெராம்பிட் பழகுவதற்கு உரிய பொருள் அல்ல. ஆசானின் பெட்டியில் ஒன்று இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதும்.

குக்ரியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளருக்கு எதிராக நடந்த மலாயா அவசரகாலத்தில் நேப்பாளக் கூர்க்காப் படையினர் இதே மலாயாக் காடுகளில் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஏறக்குறைய 40 முதல் 45 சென்டிமீட்டர் நீளம். உறையில் கர்தா என்னும் சிறு கத்தியும், தீட்டுவதற்கும் தீப்பொறி எழுப்புவதற்கும் சக்மக் என்னும் கூரற்ற துண்டும் சேர்ந்தே வரும். புதர் வெட்டவும் விறகு பிளக்கவும் பாராங்குக்குச் சமமாக நிற்கும். ஆனால் நம் ஊரில் அதை முறையாகக் கற்றுத்தரும் கலைக்கூடத்தை நான் பார்த்ததில்லை. ஆசான் இல்லாத ஆயுதம் வெறும் கருவி. வீட்டுக்குப் பின்னால் டுரியான், வாழை என்று நிலம் வைத்திருப்பவர் கருவியாக வாங்கட்டும். கலைக்காக என்று சொல்லி வாங்க வேண்டாம். வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தை விரல்கள் சுற்றிப் பிடிக்கக் கூடாது. தையல் விட்ட பழைய தோலுறையை அலகு உள்ளிருந்தே அறுத்துக்கொண்டு வரும். உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பற்றி மெல்ல உருவ வேண்டும்.

நம் ஈரப்பதத்தில் தோலுறைக்குள் எஃகை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் துருப்பிடிப்பது உறுதி. தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, உறைக்கு வெளியே வைக்க வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும்.

பிச்சுவா நம்முடையது என்ற பெருமிதத்தோடு கேட்கிறார்கள். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. தக்காணத்தில் மராத்தியரிடமும் அதே பெயரை ஒட்டிய ஆயுதம் இருந்தது; 1659இல் பீஜப்பூர்த் தளபதி அப்சல் கானை எதிர்கொண்ட சிவாஜியின் கதையில் புலிநகம் என்னும் ஆயுதத்தோடு சேர்த்துப் பேசப்படுவது அதுதான். ஆனால் பிச்சுவா மிக நெருங்கி நின்று குத்துவதற்கானது. தடுக்கவும் விலகவும் கற்றுக்கொடுக்க அதில் அதிகம் இல்லை. பழகும் பிள்ளையின் உடலுக்கு அது தரும் பாடம் குறைவு, ஆபத்து அதிகம். மேடையில், ஆசான் கையில், அது அழகு.

சிலம்பத்திலேயே நிற்க விரும்பும் பிள்ளைக்கு நான் காட்டுவது மடுவை. இரண்டு மான் கொம்புகளின் அடிகளை ஒன்றோடொன்று சேர்த்து, நுனிகள் எதிரெதிர்த் திசையில் நீட்டும்படி கட்டியது. நடுவில் பிடித்து ஆட வேண்டும். பழங்காலத்தில் வெளிமானின் கொம்பு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த மானைக் காப்பதால், உண்மைக் கொம்பு என்று யாராவது விற்க வந்தால் வாங்கவே கூடாது. மரத்தில் கடைந்தெடுத்ததே போதும், அதுவே மேல். கெராம்பிட்டோடு ஒப்பிடும்போது மடு சிறப்பது தடுப்பில்தான்: வரும் கம்பை ஒரு நுனியால் ஒதுக்கி, மணிக்கட்டைத் திருப்பி மறு நுனியை முன்னே கொண்டுவரலாம். சிலம்பத்தில் கற்ற காலடி வரிசை அப்படியே கைகொடுக்கும். கெராம்பிட்டில் அந்தக் காலடியை மாற்றிக் குனிந்து பழக வேண்டியிருக்கிறது. நிமிர்ந்து நின்று பழகிய முழங்கால்கள் முதலில் முரண்டுபிடிக்கும்.

போட்டியில் நிற்க ஆசைப்படுகிறவர்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பென்சாக் சீலாட்டின் தனிநபர் ஆட்டமான துங்காலில் வெறுங்கைக்குப் பிறகு வருவது கோலோக் வெட்டுக்கத்தியும் நீண்ட கம்பும், கெராம்பிட் அல்ல. பதக்கம் வேண்டுமென்றால் கம்பு பிடித்த நம் பிள்ளைக்கு அந்த வழியில் ஏற்கெனவே பாதித் தூரம் கடந்தாயிற்று.

கெராம்பிட்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் சீலாட் குருவிடமே போகட்டும். சில கூடங்களில் சேரும்போது இஸ்லாமிய முறையில் உறுதிமொழியும் பிரார்த்தனையும் உண்டு. சில கூடங்கள் எல்லாச் சமயத்தாரையும் சேர்த்துக்கொள்கின்றன. பெற்றோர் முன்கூட்டியே போய் மரியாதையாகக் கேட்டுவிட்டால் இருதரப்புக்கும் சங்கடம் இல்லை. கம்புப் பழக்கம் உண்டு என்பதையும் சொல்லுங்கள், குருமார்கள் அதை மதிப்பார்கள். முதல் நாள் கத்தி எதையும் கொண்டுபோக வேண்டாம். மரத்தில் செய்தது வேண்டுமா, எந்த அளவில் வேண்டும் என்பதை அவரே பிள்ளையின் விரலைப் பார்த்துச் சொல்வார்.